6 கிலோவில் தொடங்கிய 6 கோடி ஆண்டு நடை... யானைகள் எங்கிருந்து வந்தன?

ஒரு சின்ன க்விஸ். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய சொந்தம் எது?

காண்டாமிருகமா? நீர்யானையா? ரெண்டுமே தப்பு. காண்டாமிருகம் குதிரைக்குப் பங்காளி. நீர்யானை, பேரில் யானையை வைத்துக்கொண்டாலும், திமிங்கிலத்துக்குத்தான் சொந்தம். சரியான விடை நம்ம பாக் நீரிணையில் கடல்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. நம் கடலோர மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுதான் அது! தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்ததே, அதே கடற்பசு.

நம்ப முடியவில்லை இல்லையா? ஒரே ஒரு அடையாளம் பாருங்கள். பசுவுக்கும் ஆட்டுக்கும் மடி பின்னங்கால்களுக்கு நடுவே இருக்கும். யானைக்கும் கடற்பசுவுக்கும் முன்னங்காலை ஒட்டி, மார்புப் பக்கம் இருக்கும். வளர்ந்த ஆண் கடற்பசுவுக்குத் தந்தமும் உண்டு. இந்தக் குடும்பத்தில் மூன்றாவது ஆள் ஹைராக்ஸ். ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் பாறை இடுக்குகளில் வாழும், முயல் சைஸ் விலங்கு.

கடலில் ஒன்று, பாறையில் ஒன்று, காட்டில் ஒன்று. மூன்றுக்கும் பாட்டன் ஒருவரே. அங்கிருந்து நம்ம முதுமலை வரைக்கும் யானை எப்படி வந்து சேர்ந்தது? அந்த வழியில் எத்தனை யானைகளைத் தொலைத்தோம்? கொஞ்சம் நீளமான கதைதான். ஆனால் நம் ஊர் ரோட்டில் வந்துதான் முடிகிறது.

கையில் தூக்கிவிடலாம்!

கதை தொடங்கும் இடம் மொராக்கோ. காலம், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர்கள் அழிந்து 60 லட்சம் ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கே பாஸ்பேட் சுரங்கப் பாறைகளிலிருந்து கிடைத்த சில பல், தாடைத் துண்டுகளை ஆராய்ந்து, 2009-ல் எமானுவேல் கெர்பிரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு விலங்கை அறிவித்தார். பெயர் எரிதீரியம். எடை ஐந்தாறு கிலோ. வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். தும்பிக்கை கிடையாது, தந்தமும் கிடையாது. ஆனால், அதன் பற்களின் அமைப்பு யானை வம்சத்தினுடையது. இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழைய யானை உறவினர் இதுதான்.

அதே சுரங்கப் பகுதியில், சில பத்து லட்சம் ஆண்டுகள் பிந்தைய அடுக்கில் பாஸ்பதீரியம் என்ற இன்னொன்று கிடைத்திருக்கிறது. இது நாய் சைஸ்.

அடுத்த காட்சி எகிப்தின் ஃபாயூம். இன்று அது பாலைவனம். சுமார் 3 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறுகளும் சதுப்பு நிலங்களும் இருந்தன. அங்கே வாழ்ந்தது மோரிதீரியம். 70 சென்டிமீட்டர் உயரம், நீண்ட உடம்பு, குட்டைக் கால். பார்த்தால் பன்றியா, குட்டி நீர்யானையா என்று குழம்புவீர்கள். இதன் பற்களில் உள்ள ஆக்சிஜன், கார்பன் அணுக்களின் விகிதத்தை 2008-ல் சோதித்துப் பார்த்தார்கள். இது பெரும்பாலான நேரம் தண்ணீரிலேயே கிடந்து, நீர்த்தாவரங்களைத் தின்று வாழ்ந்தது என்று தெரிந்தது. யானைக்குத் தண்ணீரைக் கண்டால் ஏன் அவ்வளவு குஷி என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், கடற்பசுவுடன் உள்ள சொந்தம் இங்கே கொஞ்சம் புரியும்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மொராக்கோ, எகிப்து... எல்லாமே ஆப்பிரிக்கா. காரணம் இருக்கிறது. அன்று ஆப்பிரிக்காவும் அரேபியாவும் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் கடல் சூழ்ந்த ஒரு பெரிய தீவாக இருந்தன. யானை வம்சம் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்தத் தீவுக்குள்ளேயே கழித்தது. வெளியே போக வழியில்லை.

தும்பிக்கை எப்படி வந்தது?

தும்பிக்கையில் எலும்பு கிடையாது. அதனால் அது பாறையில் பதிந்து புதைபடிவமாகக் கிடைப்பதில்லை. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மண்டையோட்டைப் பார்த்துத்தான். தும்பிக்கை உள்ள விலங்குக்கு மூக்குத் துவாரம் முகத்தின் நுனியில் இருக்காது. மேலே, கண்களுக்கு நடுவே ஏறிப்போய்ப் பெரிய ஓட்டையாக இருக்கும். பழைய மண்டையோடுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்தத் துவாரம் படிப்படியாக மேலே ஏறுவது தெரியும்.

ஏன் ஏறியது? உடம்பு பெரிதாகிக்கொண்டே போனது, கால் உயர்ந்தது, தலையும் தந்தமும் கனத்தன. இவ்வளவு கனமான தலைக்கு ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீளக் கழுத்து தாங்காது. கழுத்து குட்டையாகவே நின்றுவிட்டால் தரையில் இருக்கும் புல்லையும் தண்ணீரையும் எப்படி எட்டுவது? முதலில் கீழ்த்தாடை நீண்டது. மேலுதடும் மூக்கும் சேர்ந்து அதன்மேல் நீண்டன. பல லட்சம் ஆண்டுகள் கழித்து தாடை மறுபடி சுருங்கிக்கொண்டது. அப்போது தாங்க எதுவும் இல்லாமல் தொங்கிய அந்த மூக்குதான் நமக்குத் தெரிந்த தும்பிக்கை.

நடுவில் இயற்கை செய்துபார்த்த டிசைன்கள் செம வெரைட்டி. கோம்போதீரியம் என்ற வகைக்கு நான்கு தந்தங்கள். மேலே ரெண்டு, நீண்ட கீழ்த்தாடையில் ரெண்டு. மங்கோலியா பக்கம் வாழ்ந்த பிளாட்டிபெலோடானுக்குக் கீழ்த்தாடைப் பற்கள் தட்டையாகி, மண்வெட்டி மாதிரி இருக்கும். டைனோதீரியத்துக்கு மேல்தாடையில் தந்தமே கிடையாது. கீழ்த்தாடையிலிருந்து ரெண்டு தந்தங்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஜெர்மனியில் இதன் தாடை முதலில் கிடைத்தபோது ஆய்வாளர்களே குழம்பிப்போய், அதைத் தலைகீழாகப் பொருத்திப் பார்த்தார்களாம்!

கதவு திறந்தது

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவு நகர்ந்து நகர்ந்து வந்து, அரேபியப் பக்கம் ஆசியாவோடு முட்டியது. கடல் விலகி நிலம் இணைந்தது. அந்த வழியாக யானை வம்சம் முதன்முறையாக வெளியே வந்தது. அந்த நிலப்பாலத்துக்கு ஆய்வாளர்கள் கோம்போதீரியம் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தவை நிற்கவே இல்லை. ஐரோப்பா, இந்தியா, சீனா, ஜப்பான் என்று பரவின. வடகிழக்கு ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே பெரிங் பகுதி தரையாக இருந்த காலங்களில் அதைக் கடந்து வட அமெரிக்காவுக்கும் போயின. அங்கே போன ஒரு கிளைதான் மாஸ்டோடன்களாக ஆனது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பகுதி உருவாகி இரு அமெரிக்காக்களும் இணைந்த பிறகு, கோம்போதீரியத்தின் வாரிசுகள் தென் அமெரிக்காவுக்கும் இறங்கின. ஆஸ்திரேலியாவையும் அன்டார்டிகாவையும் தவிர எல்லாக் கண்டங்களிலும் யானை இனம் இருந்தது.

இந்த 6 கோடி ஆண்டுகளில் வாழ்ந்ததாகத் தெரியவந்த யானை வகைகளை 2021-ல் ஓர் ஆய்வுக்குழு கணக்கெடுத்தது. சுமார் 185 இனங்கள். இன்று மிச்சம் இருப்பது மூன்று. ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை, நம்ம ஆசிய யானை.

புல் வந்தது, பல் மாறியது

இப்போதுள்ள யானைகளின் நேரடிக் குடும்பம் தோன்றியதும் ஆப்பிரிக்காவில்தான், சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்போது உலகம் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டுகொண்டிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் காடுகள் சுருங்கி, புல்வெளிகள் விரிந்தன.

இலை தின்பதும் புல் தின்பதும் ஒன்றில்லை. புல்லில் மணல் துகள் மாதிரி சிலிக்கா இருக்கும், கூடவே மண்ணும் சேரும். பல்லை அரம் போட்டு ராவுவது மாதிரி தேய்த்துவிடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஏட்ரியன் லிஸ்டர், கிழக்கு ஆப்பிரிக்க யானைப் பற்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வம்சம் புல்லுக்கு மாறிவிட்டது. ஆனால், புல்லுக்கு ஏற்ற உயரமான பல் வர இன்னும் 30 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கிறது. அதாவது, உடம்பு தயாராகும்வரை அவை காத்திருக்கவில்லை. முதலில் பழக்கத்தை மாற்றின. பல் பிறகு வந்து சேர்ந்தது.

அந்தப் பல்லை இன்றும் நம்ம யானைகளிடம் பார்க்கலாம். ஒவ்வொரு கடைவாய்ப் பல்லும் கிட்டத்தட்ட ஒரு செங்கல் சைஸ், மேலே வரிவரியாக மேடுகள். நமக்குப் பால் பல் விழுந்தால் அடியிலிருந்து புதுப் பல் முளைக்கும். யானைக்கு அப்படி இல்லை. பின்னாலிருந்து புதுப் பல் மெதுவாக முன்னால் நகர்ந்து வந்து பழையதைத் தள்ளும். வாழ்நாளில் ஆறு செட். ஆறாவது செட்டும் தேய்ந்துவிட்டால், அறுபது வயதைத் தாண்டிய யானை மென்று தின்ன முடியாமல் மெலிந்து இறந்துபோகும்.

மூன்று சகோதரர்கள், மூன்று திசை

இந்தக் குடும்பத்தில் மூன்று கிளைகள் முக்கியம். ஒன்று லாக்ஸோடோன்டா. இது ஆப்பிரிக்காவை விட்டு நகரவில்லை. இன்றைய ஆப்பிரிக்க யானைகள் இதன் வாரிசுகள். இரண்டாவது எலிஃபாஸ், நம்ம யானையின் கிளை. மூன்றாவது மாமூத்.

ஆமாம், பனிக்கட்டியில் நிற்பதாகவே நாம் படத்தில் பார்க்கும் மாமூத்தும் பிறந்தது ஆப்பிரிக்க வெயிலில்தான். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது வடக்கே நடந்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் போனது. குளிர் கூடக் கூட, முடி நீண்டது, காது சுருங்கியது, தோளில் கொழுப்புத் திமில் வந்தது. கடைசியில் சைபீரியாவில் கம்பளி மாமூத் ஆனது. அங்கே கிடைத்த பற்களிலிருந்து 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான டி.என்.ஏ-வை 2021-ல் படித்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. மாமூத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்க யானையா, ஆசிய யானையா? நம்ம யானைதான்! ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்துதான் ஆசிய யானைக்கு நெருக்கம் என்று டி.என்.ஏ சொல்கிறது. கோயில் வாசலில் நிற்கும் யானையின் உடம்பிலும் தலையிலும் குச்சி குச்சியாக முடி இருக்குமே, அடுத்த முறை பார்க்கும்போது இந்தச் சொந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலிஃபாஸ் கிளை கிழக்கே நடந்து ஆசியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் தங்கிய எலிஃபாஸ்கள் பிறகு மறைந்துபோயின. இமயமலையின் அடிவாரத்தில் இருக்கும் சிவாலிக் குன்றுகளில் இந்தக் கிளையின் எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. 1830-களில் ஹியூ ஃபால்கனர், பிராபி காட்லி என்ற இருவர் அங்கே தோண்டத் தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அங்கே கிடைத்த எலிஃபாஸ் ஹைசுட்ரிகஸ்தான் இன்றைய ஆசிய யானையின் மூதாதை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்துக்கு டூர் போனால் சுகேதியில் உள்ள புதைபடிவப் பூங்காவை விட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் இன்னொரு ராட்சசனும் இருந்தது. நர்மதைப் பள்ளத்தாக்கில் எலும்புகள் கிடைத்த பேலியோலாக்சோடான். இதன் ஒரு தொடை எலும்பை வைத்து, எடை 22 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2016-ல் ஓர் ஆய்வாளர் கணக்கிட்டார். ஒரே எலும்பை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் கூடக்குறைய இருக்கலாம். இன்றைய பெரிய ஆப்பிரிக்க ஆண் யானை சுமார் 6 டன் என்றால் வித்தியாசம் புரியும்.

தீவில் சிக்கினால் என்ன ஆகும்?

யானை நன்றாக நீந்தும். 2017-ல் இலங்கையின் கொக்கிளாய் கடலில், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நீந்திக்கொண்டிருந்த ஒரு யானையை அந்நாட்டுக் கடற்படையினர் கயிறு கட்டி இழுத்துவந்து காப்பாற்றிய வீடியோ உங்கள் டைம்லைனிலும் வந்திருக்கும். தும்பிக்கைதான் கூடவே பிறந்த ஸ்நார்கெல் ஆயிற்றே!

அந்தக் காலத்திலும் இப்படி நீந்தித் தீவுகளுக்குப் போயிருக்கின்றன. கடல்மட்டம் குறைந்த காலங்களில் நடந்தும் போயிருக்கின்றன. பிறகு தண்ணீர் ஏறி, திரும்பும் வழி மூடிவிடும். தீவில் இரை குறைவு. பெரிய உடம்போடு பிழைப்பது கஷ்டம். துரத்திப் பிடிக்கும் பெரிய வேட்டை விலங்கும் இல்லாததால், பெரிய உடம்பால் லாபமும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உடம்பு சுருங்கும்.

மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவில் வாழ்ந்த குட்டை யானை, முழுசாக வளர்ந்தாலும் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். இத்தனைக்கும் அதன் மூதாதை, ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய யானையான நேர்த்தந்த யானை! இந்தக் குட்டை யானை மண்டையோட்டின் நடுவில் தும்பிக்கைக்கான ஓட்டை ஒற்றைக் கண் மாதிரியே இருக்கும். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் பிறந்தது இந்த மண்டையோடுகளைப் பார்த்துத்தான் இருக்கும் என்று 1914-ல் ஓத்தெனியோ ஆபெல் என்ற ஆய்வாளர் சொன்னார். நிரூபிக்க முடியாதுதான், ஆனால் அந்த மண்டையோட்டைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் ஸ்டெகோடான் என்ற யானை உறவினரும் இப்படியே குட்டையானது. அதே தீவில் மூன்றரை அடி உயர மனித இனமும் வாழ்ந்தது. குகையில் அந்த மனிதர்களின் எலும்புகளோடு, கல்லாயுதத்தால் வெட்டிய ஸ்டெகோடான் எலும்புகளும் கிடைத்தன.

தீவு யானைகளின் கதைகள் வேறு வேறு. முடிவு மட்டும் ஒன்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

'அழிவு' என்பதையே சொல்லிக்கொடுத்த யானை

ஒரு விலங்கு உலகத்திலிருந்தே மொத்தமாக அழிந்துபோகும் என்பது இன்று குழந்தைக்கும் தெரியும். 230 ஆண்டுகளுக்கு முன் பெரிய படிப்பாளிகளே அதை ஏற்கவில்லை.

1795-ல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைப் பிடித்தபோது, அங்கிருந்த அரும்பொருள் சேகரிப்பு பாரிஸுக்கு வந்தது. அதில் ரெண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. ஒன்று தென் ஆப்பிரிக்காவிலிருந்து, இன்னொன்று டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையிலிருந்து. 26 வயது ஜார்ஜ் குவியே அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பற்களை ஒப்பிட்டார். ஆப்பிரிக்க யானையும் ஆசிய யானையும் வேறு வேறு இனங்கள் என்றார். சைபீரியாவில் கிடைத்த மாமூத் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது என்றார். இவ்வளவு பெரிய விலங்கு எங்காவது உயிரோடு இருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்காதா? ஆகவே, அது அழிந்துவிட்டது. 1796-ல் அவர் படித்த அந்தக் கட்டுரைதான் 'இனங்கள் அழியும்' என்பதை அறிவியலில் நிலைநாட்டியது. அதற்கு உதவியதில் ஓர் இலங்கை யானைக்கும் பங்கு உண்டு.

அப்போதும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், மேற்கே போகும் தன் ஆய்வுக்குழு மாஸ்டோடனை உயிரோடு பார்த்துவிட்டு வரும் என்று நம்பிக்கையோடு இருந்தார். பாவம், அது போய் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கொன்றது யார்?

குளிரா, மனிதனா? இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பனியுகம் முடிந்து பூமி சூடானபோது, மாமூத்துகள் மேய்ந்த புல்வெளிகள் சுருங்கின. அதேநேரம் ஈட்டியோடு மனிதர்களும் பரவினார்கள். பல இடங்களில் ரெண்டும் சேர்ந்தே தாக்கியிருக்க வேண்டும்.

மனிதர்கள் யானையை வேட்டையாடியதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் நாய்மார்க்-நார்ட் என்ற இடத்தில் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால் மனிதர்கள் 70-க்கும் மேற்பட்ட நேர்த்தந்த யானைகளை வெட்டிக் கறி எடுத்திருப்பது 2023-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த ஒரு மாஸ்டோடனின் விலா எலும்பில், சுமார் 13,900 ஆண்டுகளுக்கு முன் எறியப்பட்ட எலும்பு ஈட்டி முனை அப்படியே குத்தி நிற்கிறது. அந்த முனையைச் செய்ததும் இன்னொரு மாஸ்டோடனின் எலும்பில்!

ஆனால், இந்தக் கதையில் நம்மை அதிகம் யோசிக்க வைப்பது வேட்டைக் களம் இல்லை, ஒரு தீவு. ரஷ்யாவின் வடகிழக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ராங்கல் தீவு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறியதில் அது நிலத்திலிருந்து துண்டானது. அதில் சில மாமூத்துகள் மாட்டிக்கொண்டன. எத்தனை தெரியுமா? குட்டி போட்டு வம்சத்தை வளர்த்தவை அதிகபட்சம் எட்டு என்கிறது 2024-ல் வெளியான மரபணு ஆய்வு. அந்த எட்டிலிருந்து வேகமாக 200, 300 என்று பெருகி, 6,000 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தன. எகிப்தில் பெரிய பிரமிடைக் கட்டி முடித்து சில நூற்றாண்டுகள் ஆன பிறகும் பூமியில் மாமூத் உயிரோடு இருந்தது!

சொந்தத்துக்குள்ளேயே இணைந்ததால் மரபணுக் குறைபாடுகள் தலைமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. அதனால் மட்டும் அவை அழியவில்லை. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் திடீரென்று ஏதோ நடந்திருக்கிறது. நோயா, கெட்ட வானிலையா, தெரியவில்லை. ஆனால் கூட்டம் சிறியது, வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லை, நகர்ந்துபோக இடமும் இல்லை. ஒரே அடியில் கதை முடிந்தது.

அலாஸ்காவின் செயின்ட் பால் தீவில் மாட்டிக்கொண்ட மாமூத்துகளுக்கு நடந்தது இன்னும் பரிதாபம். தீவு சுருங்கியது, ஏரி வற்றியது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அழிந்தன என்பதே ஆய்வாளர்களின் முடிவு. சூடு கூடினாலும் குளிர் கூடினாலும் யானைக்கு எப்போதும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: நடப்பது. தீவில் அது செல்லாது.

நம்ம ஊர்த் தீவுகள்

இப்போது நம்ம கதைக்கு வருவோம். ஆசிய யானை ஒரு காலத்தில் சிரியாவிலிருந்து சீனாவின் மஞ்சள் ஆறு வரை இருந்தது. கடல்மட்டம் இறங்கியிருந்த பனியுகத்தில் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. யானைகள் அதில் நடந்து போய்வந்தன. பிறகு கடல் ஏறி, பாதை மூடியது.

இந்திய யானைகளின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்த ஓர் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. நாட்டின் யானைகள் ஐந்து தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்திருப்பதாக அது சொல்கிறது. அதில் மூன்று தென்னிந்தியாவில்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஒன்று. யானைகள் வடக்கிலிருந்து தெற்கே படிப்படியாக இறங்கி வந்திருக்கின்றன. வரவர மரபணு வகைமை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் தொடங்கிய அந்த நீண்ட நடையின் ஒரு முனை நம்ம திருநெல்வேலி, கன்னியாகுமரி மலைகள். அந்தக் கடைசிக் கூட்டத்தில் இருப்பவை 150-க்கும் குறைவு.

அந்த எண்ணைப் பார்த்ததும் ராங்கல் தீவு ஞாபகம் வருகிறதா?

கணவாய்கள் இயற்கையாகவே இருக்கும் இடைவெளிகள்தான். ஆனால், அந்த இடைவெளியில் இன்று ஊர், தோட்டம், நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாம் இருக்கின்றன. கடல் செய்த வேலையை கான்கிரீட் செய்கிறது. வலசைப் பாதை என்று நாம் சொல்வது இந்தத் தீவுகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் பாலம். அதை ஒரு ரிசார்ட்டின் மின்வேலி மறித்தால், அரேபியாவையும் ஆசியாவையும் இணைத்த கதவைத் திரும்ப மூடுவது மாதிரி.

வழி மூடினால் யானை சும்மா இருக்காது, கிளம்பிவிடும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரு யானைக் கூட்டம் 2020-ல் காப்புக்காட்டை விட்டுப் புறப்பட்டு, சுமார் 500 கிலோமீட்டர் நடந்து 2021-ல் குன்மிங் என்ற பெருநகரத்தின் எல்லைக்கே வந்துவிட்டது. அரசு வழியெல்லாம் லாரியை நிறுத்தி, தீனி போட்டு, மக்களை விலக்கித் திருப்பி அனுப்பியது. உலகமே அதை ரசித்துப் பார்த்தது. நம் ஊரில் அதே நடைக்கு 'யானை ஊருக்குள் புகுந்தது' என்று தலைப்பு வைக்கிறோம்.

நல்ல செய்திகளும் இருக்கின்றன. நீலகிரியின் சீகூர் பகுதியில் தமிழக அரசு 2010-ல் அறிவித்த யானை வழித்தடத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கோவை மதுக்கரையில் தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டுபிடித்து ரயில்களை எச்சரிக்க, 2024 முதல் ஏஐ கேமராக்கள் வேலை செய்கின்றன. பண்டிப்பூர், திம்பம் சாலைகளில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

நீங்களும் நானும் செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். காட்டுச் சாலையில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்போம். யானை ரோட்டைக் கடந்தால் தள்ளியே வண்டியை நிறுத்தி, ஹாரனும் ஃபிளாஷும் இல்லாமல் காத்திருப்போம். பழமும் பிஸ்கட்டும் போட வேண்டாம். வீக்எண்ட் ரிசார்ட்டை புக் செய்யும் முன், அது யானை வழித்தடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்போம்.

அடுத்த சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்கு வண்டி ஓட்டுவீர்கள்தானே? அந்த ரோடு போவது செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான். உங்கள் வலது பக்கம் ஒரு யானைக் கூட்டம், இடது பக்கம் இன்னொன்று. நடுவில் நம்ம கார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.